கடையத்துச் செல்லம்மா: மகாகவிக்குப் பிறகு 34 வருடங்கள்

செல்லம்மா பாரதி என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே குருவிக் கதைதான் வரும். வீட்டில் இருந்த கொஞ்சம் அரிசியையும் மகாகவி முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டார், செல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டார் என்பதோடு கதை முடிந்துவிடும். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் பலருக்கும் 2000-ல் வந்த 'பாரதி' படத்தின் தேவயானி முகம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரி தெரியும். செல்லம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது 1897-ல். பாரதியார் மறைந்தது 1921-ல். இடையில் 24 வருடங்கள். அதிலும் காசி, தலைமறைவு, பிறந்தவீடு என்று பிரிந்திருந்த காலத்தைக் கழித்தால், இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியது இருபது வருடங்களுக்கும் குறைவு. செல்லம்மா காலமானது 1955-ல். அதாவது, அவர் இல்லாமல் இந்தம்மா வாழ்ந்தது 34 வருடங்கள். மகளுக்குக் கல்யாணம் செய்து, புத்தகம் அச்சடித்து, கடன்பட்டு, கையெழுத்துப் போட்டு, பேரன் பேத்திகளைப் பார்த்த வருடங்கள் அவை. இந்த வாரப் பாட்டி வரிசையில் அவர்தான்.

ஏழு வயதுப் பெண், பதினாலு வயது மாப்பிள்ளை

பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே, தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போனால், ஆழ்வார்குறிச்சி தாண்டிக் கடையம் வந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் போகிறவர்கள் கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்கவேண்டும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலையடிவாரத்தில் நித்யகல்யாணி அம்மன் கோயில், சுற்றிலும் வயல். இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் அக்ரஹாரத்தில் செல்லப்பா ஐயர் வீட்டுப் பெண்ணாகச் செல்லம்மா பிறந்தது 1890-ல்.

எட்டயபுரத்துச் சின்னசாமி ஐயர் மகன் சுப்பையாவுக்குச் செல்லம்மாவைக் கொடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 1897 ஜூன் 27 அன்று கல்யாணம். பெண்ணுக்கு ஏழு வயது, மாப்பிள்ளைக்குப் பதினாலரை. கடையத்துப் பக்கம் ரயில் வருவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. அன்றைய கல்யாணங்கள் ஒரு நாளில் முடிகிறவை அல்ல. ஊஞ்சல், நலங்கு என்று நாலு நாள் நடக்கும். மாப்பிள்ளைப் பையனோ ஏற்கெனவே எட்டயபுரம் அவையில் 'பாரதி' பட்டம் வாங்கியவர். எல்லார் முன்னாலும் பாட்டுப் பாடித் தன்னைக் கூச வைத்ததைச் செல்லம்மா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் புரிந்திருக்காது, எல்லாரும் சிரிப்பது மட்டும் புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் இது சட்டத்துக்கு விரோதமும் இல்லை. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்சக் கல்யாண வயதை வைத்த சாரதா சட்டம் வந்ததே 1929-ல்தான்.

இன்னொரு தகவலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செல்லம்மா கழுத்தில் தாலி ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1895-ல், இதே திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி தொடங்கிவிட்டது. பெண்களுக்குக் கல்லூரி இருந்த ஊருக்கும், ஏழு வயதில் மணையில் உட்கார்ந்த பெண்ணின் ஊருக்கும் நடுவே அந்த ஐம்பது கிலோமீட்டர்தான். அக்ரஹாரத்துப் பெண்களுக்கு அது ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சமம் என்பது வேறு விஷயம்.

கவலைப்படும் நேரத்தில் தமிழ் படி

கல்யாணமான மறு வருடமே மாமனார் காலமானார். பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கக் காசிக்குப் போய்விட்டார். செல்லம்மா கடையத்தில். காசியில் மாப்பிள்ளை வேஷம் மாறிவிட்டது, போக்கு சரியில்லை என்று யாரோ சொன்ன செய்தி கடையம் வரை வந்து சேர, பயந்துபோன சிறுமி கடிதம் எழுதினாள். பாரதியாரின் பதில் இன்றும் கிடைக்கிறது. நீ பயப்படும்படியான காரியம் எதையும் நான் செய்யவில்லை, கவலைப்படுகிற நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் எனக்குச் சந்தோஷம் என்பது அதன் சாரம்.

படிக்கச் சொன்னது நல்ல மனசுதான். யார் சொல்லிக் கொடுப்பார்கள், எந்தப் புத்தகம் என்பதற்குக் கடிதத்தில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் செல்லம்மா படித்தார் என்பதற்குச் சாட்சி நாற்பது வருடம் கழித்து வரும்.

எட்டயபுரத்தில் குடித்தனம் தொடங்கியது. 1904-ல் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள். அதே வருடம் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாத வேலை, பிறகு சென்னையில் 'சுதேசமித்திரன்' வேலை. காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன பாரதியார் வங்காளத்தில் சகோதரி நிவேதிதையைப் பார்த்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்டதும், எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை என்று இவர் இழுத்ததும், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் பிரபலமான கதை. அதன் பிறகு பாரதியார் பெண்களைப் பற்றிப் பேசிய விதமே மாறியது என்பார்கள். அந்த மாற்றத்தின் முழு வெயிலும் விழுந்த இடம் செல்லம்மாவின் வீடுதான். திடீரென்று ஒரு நாள் கணவர், நாம் தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம் என்கிறார். சாதி பார்க்காமல் எல்லாரும் வீட்டில் சாப்பிடட்டும் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் குளத்தங்கரையில் நாலு பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டியது யார்?

அரிசிக் கதையின் மறுபக்கம்

1908-ல் இரண்டாவது மகள் சகுந்தலா பிறந்தாள். அதே வருடம்தான் 'இந்தியா' பத்திரிகை மீது அரசின் பிடி இறுக, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பிறகு செல்லம்மாவும் குழந்தைகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் பத்து வருடம். 1910-ல் 'இந்தியா'வும் நின்றுபோனது. அதற்குப் பிறகு மாதச் சம்பளம் என்று எதுவும் நிச்சயமில்லை. வாசலில் உளவுப் போலீஸ். உள்ளே எந்நேரமும் விருந்தாளிகள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று எல்லாரும் அழைத்த புண்ணியவான், வாடகைக்கு நெருக்கவே மாட்டாராம். இல்லாவிட்டால் பாடு இன்னும் கஷ்டம்.

குருவிக் கதை நடந்தது இந்த வீட்டுக் காலத்தில்தான். அதைச் சொன்னவர் யதுகிரி அம்மாள். பாரதியாரின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள், பாரதியார் வீட்டில் ஓடி விளையாடிய குழந்தை. அவருடைய நினைவுகள் 1954-ல் புத்தகமாக வந்தன. அதைப் படித்தால் கதையின் முன்பகுதி தெரியும். நாம் வழக்கமாகச் சொல்லும்போது விட்டுவிடுகிற பகுதி அது. 'சுதேசமித்திர'னுக்குக் கட்டுரை அனுப்பினால்தான் பணம் வரும். அதனால் செல்லம்மா காகிதம், பேனா, மை எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்து, எழுதும்படி கேட்டுக்கொண்டு, சமைக்கவேண்டிய அரிசியை முறத்தில் போட்டுவிட்டு வேறு வேலையாகப் போகிறார். திரும்பி வந்தால், கட்டுரை இல்லை. அரிசியில் ஒரு பங்கு முற்றத்தில், குருவிகளின் நடுவே.

கதையை இப்படி முழுசாகக் கேட்டால் செல்லம்மாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். கவிதை தெரியாத மனைவி என்று ஓரம் கட்ட இதில் ஒன்றுமில்லை. கட்டுரை போனால் பணம், பணம் வந்தால் அரிசி என்ற அந்த வீட்டின் வரவு செலவை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மையும் காகிதமும் எடுத்து வைத்த கையை யாரும் படமாக வரையவில்லை, குருவியை மட்டும் வரைந்துவிட்டோம்.

சகுந்தலா பின்னாளில் அப்பாவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பாப்பாப் பாட்டின் பாப்பா என்று ஊரெல்லாம் கொண்டாடிய குழந்தை அவர்தான்.

மறுபடியும் கடையம்

1918 நவம்பர் 20 அன்று பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் எல்லையில் கைது. டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விடுதலை. எழுதுவதைப் போலீஸுக்குக் காட்டிவிட்டுத்தான் அச்சிடவேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கே போவது? மாமியார் வீட்டு ஊருக்குத்தான்.

பிறந்த ஊருக்குத் திரும்புவது எந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம். செல்லம்மாவுக்கு அது இரண்டுங்கெட்டான் நிலை. சகோதரர் அப்பாத்துரையின் ஆதரவு இருந்தது. ஆனால் பூணூலையும் சாதியையும் தூக்கிப்போட்ட மாப்பிள்ளையை அக்ரஹாரம் ஏற்கவில்லை. அதே தெருவில் அவர் செல்லம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சிரித்தது. சின்ன வயதில் தன்னோடு பாண்டி ஆடிய பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கையைத் தட்டி விடாமல் நடப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை நம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கடையத்தில் இருந்தபோதுதான் பாரதியார் ஒரு பெரிய திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று கணக்கு. கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்ததெல்லாம் இந்தத் திட்டத்தின் மிச்சம்தான்.

1920 கடைசியில் சென்னை, மறுபடி 'சுதேசமித்திரன்'. மறு வருடம் செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியார் காலமானார். அவருக்கு 39 வயது நிறையவில்லை. செல்லம்மாவுக்கு 31. கையில் காசில்லை. சகுந்தலாவுக்குப் 13 வயது.

பதிப்பாளர் செல்லம்மா

31 வயதில் கணவனை இழந்த அக்ரஹாரத்துப் பெண் 1921-ல் என்ன செய்திருக்க முடியும்? பிறந்த வீட்டில் ஒரு மூலை, கொஞ்சம் அடுப்படி வேலை. அன்று விதிக்கப்பட்டது அதுதான். செல்லம்மா செய்தது வேறு. சகோதரரின் துணையோடு சென்னையில் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கினார். கணவரின் எழுத்துகளை வரிசையாக வெளியிடப் போவதாகவும், தமிழ் மக்கள் ஆதரிக்கவேண்டும் என்றும் அறிக்கை விட்டார். 1922-ல் 'சுதேச கீதங்கள்' இரண்டு பாகமாக வந்தது. பதிப்பித்தது செல்லம்மாவின் ஆச்ரமம். பாரதியார் போட்டு நின்றுபோன நாற்பது புத்தகத் திட்டத்தை, அவர் போன மறு வருடமே கையில் எடுத்தவர் அவர் மனைவி.

பாரதியார் என்றால் தேசபக்தி என்று தமிழ்நாடு எழுந்து நின்ற காலம் அதற்கு இன்னும் வரவில்லை. புத்தகம் விற்கவில்லை. கடன் சேர்ந்தது. வீட்டில் இளைய மகளின் கல்யாணம் காத்திருந்தது. பாரதியாரின் தம்பி சி.விசுவநாத ஐயர், சகுந்தலாவின் கணவர் நடராஜன், ஹரிஹர சர்மா ஆகிய மூவரும் சேர்ந்து 'பாரதி பிரசுராலயம்' தொடங்கி, அச்சுப் பணியை மேற்கொண்டார்கள். தேவைக்கும் கடனுக்குமாக உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் விசுவநாத ஐயரிடம் போய்ச் சேர்ந்தது. ஒலித்தட்டு உரிமை தனியாக விலைபோய், பிறகு ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது.

நடுவில் 1928-ல் பாரதி பாடல்களுக்குத் தடை, போலீஸ் பறிமுதல். சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேசினார். பாடல் பிரபலமாவதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். முப்பதுகளின் கடைசியில் மேடைக்கு மேடை பாரதி பாட்டு. 1947-ல் எட்டயபுரத்தில் மணிமண்டபமே திறந்தாயிற்று. பாட்டின் புகழ் ஏறிக்கொண்டே போனது, ஆனால் பாட்டின் மேல் செல்லம்மாவுக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை. அப்போதைய சட்டப்படி எழுத்தாளர் மறைந்து ஐம்பது வருடம், அதாவது 1971 வரை, உரிமை உயிரோடு இருக்கும்.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டைப் பயன்படுத்தியதற்கு ஏ.வி.எம். தரப்பு ஆட்சேபிக்க, விவகாரம் வெடித்தது. மகாகவி பாட்டுக்குத் தனி மனிதர் சொந்தக்காரரா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. நாரண துரைக்கண்ணனும் டி.கே.சண்முகமும் ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் குழு அப்போது திருநெல்வேலியில் இருந்த செல்லம்மாவையும் தேடி வந்தது. சட்டப்படி அவரிடம் வாங்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த அம்மாள் சம்மதம் இல்லாமல் காரியம் நடக்கக் கூடாது என்று நினைத்தார்களே, அது நல்ல பண்பு. அவரும் சம்மதம் தந்தார்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது அரசு உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்தார். விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய். செல்லம்மா, தங்கம்மாள், சகுந்தலா மூவருக்கும் தலா 5,000 ரூபாய். பிறகு பாரதி எழுத்து மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஓர் எழுத்தாளரின் எழுத்தை அரசே வாங்கி இப்படிச் செய்தது இந்தியாவில் அதற்கு முன் நடந்ததில்லை. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கதை முழுவதையும் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். ஒரு துப்பறியும் கதை போல இருக்கும், கிடைத்தால் படியுங்கள்.

இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாரதி வரியை யாரிடமும் கேட்காமல் போட்டுக்கொள்கிறோம். டிசம்பர் 11 வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீசை வரைந்துகொண்டு மேடை ஏறுகிறார்கள். அந்த 5,000 ரூபாய்க்குச் செல்லம்மா விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று யாராவது பேரேட்டில் எழுதிப் பார்த்தார்களா தெரியாது.

பாட்டி எழுதிய கதை

காசியிலிருந்து வந்த கடிதம் தமிழ் படிக்கச் சொன்னதல்லவா? 1941-ல் 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்' வெளிவந்தது. செல்லம்மா சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய புத்தகம். பாரதியாரின் வாழ்க்கையை எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. கல்யாணக் கூச்சம், புதுச்சேரிப் பசி, கடையத்துத் தெரு எல்லாவற்றுக்கும் மூல சாட்சி அதுதான். 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். அறுபது வயதுப் பாட்டி, கவிஞனைக் கட்டிக்கொண்டவள் படும் பாட்டைச் சிரிப்பும் பெருமூச்சுமாகச் சொன்ன பேச்சு அது. புகார் உண்டு, வசை கிடையாது. ஊர் அவரைப் பைத்தியம் என்று சொன்னதை மறைக்கவில்லை. தானும் சில நேரம் அப்படி நினைத்ததையும் மறைக்கவில்லை. சாதாரணமாகப் பெரிய மனிதர்களின் மனைவிமார் எழுதுகிற நினைவுகளில் கணவர் மாலையும் கழுத்துமாக நிற்பார். செல்லம்மாவின் பாரதியார் வீட்டுக்குள் நடமாடுகிற ஆள்.

பேத்திகள் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தார்கள். தங்கம்மாளின் மகள் லலிதா பாரதி இசை ஆசிரியை ஆனார். அவருடைய மகன்தான் பாடகர் ராஜ்குமார் பாரதி. 'மங்காத்தா' படத்துக்குப் பாட்டெழுதிய நிரஞ்சன் பாரதி அடுத்த தலைமுறை. தங்கம்மாளின் இன்னொரு மகள் விஜயா பாரதி, தாத்தாவின் எழுத்தையே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார், அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார், பின்னர் கனடாவில் குடியேறினார். கடையத்தில் பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் கவலைப்படும் நேரத்தில் தமிழ் படித்த பெண்ணின் பேத்தி அவர்.

விஜயா பாரதியின் மகள் மீரா சுந்தரராஜன் தேர்ந்தெடுத்த படிப்பு என்ன தெரியுமா? காப்புரிமைச் சட்டம். எழுத்தை விற்ற பிறகும் எழுதியவருக்கு அதன் மேல் என்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவருடைய சிறப்புத் துறை. கனடாவில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் எடுத்துப் பார்க்கிற புத்தகம் எழுதியிருக்கிறார். கொள்ளுப்பாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயத்தைக் கொள்ளுப்பேத்தி பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். கொள்ளுத்தாத்தாவின் எழுத்துகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

கடையத்துக்காரர்கள் இப்போது செல்லம்மாவை மறக்கவில்லை. சேவாலயா அமைப்பு அங்கே 'செல்லம்மா பாரதி கற்றல் மையம்' கட்டியிருக்கிறது. பெயரில் செல்லம்மா முதலில் வருகிறார். அங்கே வைப்பதற்கான வெண்கலச் சிலையைச் சென்னைப் பக்கத்திலிருந்து ரதத்தில் ஏற்றி, வழியெங்கும் ஊர் ஊராக நிறுத்திக் கொண்டுவந்தார்கள். 2022 ஜூன் 27, அதாவது அந்த எட்டயபுரத்துக் கல்யாணம் நடந்து 125 வருடம் நிறைந்த நாளில் திறந்தார்கள். சிலையில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள். பாரதியாரின் கை செல்லம்மாவின் தோள்மேல் இருக்கிறது.